உறக்க மூச்சடைப்பும் தொண்டையின் படங்களும்

குறட்டையை ஆழ்ந்த துயிலின் அடையாளமென்றே நாம் கொள்ளுகிறோம். சிலர்க்கோ அவ்வொலி இடையிடையே அற்று, பத்து விநாடியும் அதற்கு மேலும் மூச்சோட்டம் நின்று, பின் திணறலோடு மீளுகின்றது. அந்நேரத்தும் மார்பு மூச்சிழுக்க முயன்றுகொண்டே யிருக்கும். தொண்டை அடைபட்டமையாற் காற்று உட்செல்வதில்லை. மூக்கிற்கும் குரல்வளைக்கும் இடைப்பட்ட அவ்வழி, தசைகளாற் சூழப்பட்ட மென்குழல். விழிப்பில் அதனைத் திறந்து நிறுத்தும் தசைகள் துயிலின்போது தளர்ந்துவிடுகின்றன.

அக்குழல் எப்புறத்தினின்று ஒடுங்குகின்றது? பக்கத்தினின்று எடுக்கும் எக்ஸ்ரே படம், நாவுக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும். நிழலே யாதலின் இடவலச் சுவர்களைப் பற்றி வாய் திறவாது. அதனை மாத்திரம் நோக்குவோர்க்கு நாவே குற்றவாளியாகத் தோன்றுதல் இயல்பு. கழுத்தைக் குறுக்கே அரிந்தாற்போற் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் வேறு சொல்லிற்று. 1995ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு ஷ்வாப் முதலியோர் நோயுற்றாரையும் அல்லாரையும் ஒப்பிட்டனர். நோயாளரது வழி மென்னண்ணத்தின் பின்னே பக்கவாட்டிற் குறுகியிருந்தது. தலையாய காரணம் அயலிலுள்ள கொழுப்பன்று, பக்கச் சுவர்த் தசைகளின் தடிப்பே என்று அவர்கள் வெளியிட்டனர். நாவும் முற்றும் விடுதலை பெற்றிலது. பருத்த நோயாளரின் நாவிற் கொழுப்பு மிகுந்திருத்தலை அவர் குழுவினரே 2014இல் எம்.ஆர்.ஐ.யாற் காட்டினர்.

ஆயினும் இப்படங்கள் பெரும்பாலும் விழித்திருப்போரிடத்தே எடுக்கப்படுவன. அவ்வியந்திரத்தின் இரைச்சலில் உறங்குதலும் அரிதன்றோ! நோயோ துயிலில் நிகழ்வது. ஆதலின் நோய் உண்டென்று தெளிதற்கு, இரவில் உறங்குவோரின் மூச்சையும் குருதியிலுள்ள ஆக்சிஜனையும் அளத்தலே வேண்டப்படுகின்றது.