வெடிப்பலா பூக்கும் காலம்

மலர்க் காட்சி என்றதும் மே மாத உதகைதான் நினைவுக்கு வரும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடையும் நம் வால்பாறையிலோ மாசி, பங்குனியிலேயே மலர்கள் தொடங்கிவிடுகின்றன. நுழைவுச் சீட்டு இல்லை. ஒரு சனி, ஞாயிறு நடக்கத் தெம்பிருந்தால் போதும்.

முதலில் கண்ணில் படுபவை வந்தேறிகளே. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பொன்னிறப் பூக்களைச் சீப்புப் போல அடுக்கி நிற்கும். உண்ணிச்செடி அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. பூ அழகுதான், ஆனால் அது மண்டிய இடத்தில் காட்டு மரக் கன்றுகள் தலையெடுப்பது கடினம்.

சோலைக்குள் நுழைந்தால் வெடிப்பலாவைக் காணலாம். தாவரவியலில் நாம் படித்த அல்லிவட்டம் இதன் பூவில் இல்லவே இல்லை! சதைப்பற்றுள்ள பூக்கள் கிளைகளிலேயே கொத்துக் கொத்தாய் ஒட்டியிருக்கும். பழங்கள் அருகிப்போகும் வறண்ட மாதங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் வாழாத சிங்கவால் குரங்குகளுக்கு இப்பூக்களே பெரிய உணவு. நமக்குத் தவக்காலம், அவற்றுக்கோ விருந்து! வௌவால் முதலிய பாலூட்டிகள் தேனுண்ண வந்து மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றன.

தேயிலைத் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டதால் சோலைகள் தீவுகள் போல் சிதறிக் கிடக்கின்றன. புதுத்தோட்டம் சோலைக் குரங்குகள் தரையிறங்கிச் சாலையைக் கடக்கின்றன. வண்டியில் அடிபட்டவையும் உண்டு. அவற்றுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் தோட்ட நிர்வாகங்களின் துணையோடு சிதைந்த சோலைகளில் காட்டு மரக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். அவற்றுள் வெடிப்பலாவும் ஒன்று.