புதையல் தேடல்: வளவிலே ஒரு தமிழ்ப் பாடம்

மறைந்திருப்பதைத் தேடுதல் சிறுவர்க்கு இயல்பாயமைந்த இன்பம். மணலை நீளமாகக் குவித்து, அதனுள்ளே சிறு குச்சியொன்றை ஒளித்து, எதிரிருப்பவன் இரு கைகளையுங் கோத்துப் பொத்தி இடங்காட்டும் ‘கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்’ என்னும் விளையாட்டை நம்முள் ஆடாதார் யாவர்? மேனாட்டார் புதையல் வேட்டை எனக் கூறும் விளையாட்டும் இவ்வினத்ததே. ஆயின் அங்கே குறிப்புகள் உண்டு. ஒரு குறிப்பு மற்றொன்று இருக்குமிடத்தை உணர்த்த, அஃது அடுத்ததை உணர்த்த, இறுதியிற் புதையல் கைக்கு வரும். விடுமுறை நாள்களிற் பத்துப் பன்னிரு பிள்ளைகளைக் கூட்டி, வீட்டு வளவுகளிலே இதனைப் பன்முறை நடத்தியதில் யாம் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

1881ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தில், மழையால் வீட்டினுள் அடைபட்டிருந்த காலத்துத் தம் மனைவியின் மைந்தனோடு ஒரு தீவின் படத்தை வரைந்து மகிழ்ந்த ரொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன், அப்படத்தினின்றே ‘புதையல் தீவு’ என்னும் கதையைப் படைத்தார். 1883இல் அது நூலாயிற்று. படம் முந்தியது, கதை பிந்தியது. விளையாட்டை நடத்துவோரும் அவ்வாறே முதலில் வளவினைச் சுற்றி நடந்து, கிணறு, வேலிப் பூவரசு, முருங்கை, உரல், கோழிக்கூடு என ஒவ்வொன்றையுங் குறித்துப் படம் வரைந்துகொள்ளல் வேண்டும். படமின்றிக் குறிப்பெழுதப் புகுந்தால் எழுதியவரே மறைத்த இடத்தை மறந்து நிற்க நேரும். எமக்கு நேர்ந்ததுண்டு.

‘மாமரத்தின் கீழ்ப் பார்’ என்று எழுதுவதிற் பயனில்லை. பிள்ளையின் கால் ஓடுமேயன்றிக் கருத்து ஓடாது. நம் அம்மம்மாமார் இரவிற் சொல்லிய நொடிகளே குறிப்புக்கு ஏற்ற வடிவம். பழைய நொடிகளை அப்படியே எடுத்தாளாது, அந்த வளவுக்கென்றே புதியன இயற்றுதல் நன்று. துலாவுக்கு யாம் எழுதியது: ‘ஒற்றைக் காலன் தலை வணங்கினால் வாளி நிறையும், தலை நிமிர்ந்தால் வாளி ஏறும்.’ பல வீடுகளில் நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா மறைந்தமையால், இந்நொடியை அவிழ்க்க மாட்டாது பிள்ளைகள் திகைத்தனர். ஆதலின் வளவில் உள்ளதையே நொடியாக்குக, இல்லாததை ஆக்கற்க.

திசை கூறுதற்கு நமக்குப் பிறர்க்கில்லாத வாய்ப்பொன்றுண்டு. வாவியின் கீழ்பாலை எழுவான்கரை என்றும் மேல்பாலைப் படுவான்கரை என்றும் வழங்குகின்றோம். ‘கிணற்றிலிருந்து படுவான் நோக்கிப் பத்துக் கவடு’ என்று ஒருமுறை எழுதினோம். கல்லடிப் பக்கத்து வீடு அது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கையிற் சீட்டோடு மயங்கி நிற்க, அவனினும் இளையாள் ஒருத்தி, “கடல் இரையிற பக்கம் எழுவான், வாவிப் பக்கம் படுவான். இதுகூடத் தெரியாதா அண்ணா?” என்றாள். நாள்தோறும் வாயில் வழங்கும் ஊர்ப்பெயரின் பொருளை அவன் அன்றே அறிந்தான்.

பிள்ளைகளை இரு குழுவாக்கி, ஒரு குழு மற்றதற்குக் குறிப்பெழுதச் செய்தல் மிகவும் நன்று. ‘மூலையில் தேடு’ என்று எழுத வேண்டிய ஒருவன் ‘மூளையில் தேடு’ என எழுதிவிட்டான். எதிர்க்குழுவினர் ஒருவர் தலையை ஒருவர் தட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, எமது சிவப்பு மை பல ஆண்டாகச் செய்யமாட்டாததைச் செய்தது. லகர ளகர வேறுபாட்டில் அவன் மீண்டும் பிழைத்ததை யாம் கண்டிலோம்.

இனி, யாம் இழைத்த தவறொன்றைச் சொல்லுதல் கடன். முதன்முறை நடத்தியபோது புதையல் என்னும் சொல்லுக்கேற்ப, தகரப் பெட்டியொன்றை மண்ணிற் பாதி புதைத்து வைத்தோம். சிறுவன் அதனைக் கண்டு கையால் மண்ணை அகழத் தொடங்கினான். அடுக்களை வாயிலில் நின்ற அவன் தாய், “தொடாதே!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்து அவனை வாரி எடுத்தார். மைந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எமக்கு விளங்கிற்று. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் வளர்ந்த யாமும் அவரும், நிலத்திற் கிடக்கும் எதனையும் தொடலாகாது என்னும் பாடத்தை எழுத்தறிவோடு ஒருங்கே கற்றவர்கள். மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதென 2017இல் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தமையால் அத்தாயின் கை நடுக்கம் நீங்கிவிடுமோ? அன்று விளையாட்டை அவ்வளவில் நிறுத்தி, பெட்டியை அவர் கையாலேயே திறக்கச் செய்தோம். உள்ளே எள்ளுருண்டை இருந்தது.

அதன்பின் எதனையும் புதைப்பதில்லை. மூன்று விதிகளை ஆட்டத்துக்கு முன்னரே சொல்லுகின்றோம். மண்ணைத் தோண்டலாகாது. மஞ்சட் கயிறு கட்டிய பொருளையன்றிப் பிறிதொன்றையும் தொடலாகாது. அறியாத பொருள் கண்ணிற் பட்டால் நின்ற இடத்திலிருந்தே பெரியோரை அழைத்தல் வேண்டும். இம்மூன்றும் வளவுக்கு வெளியேயும் அப்பிள்ளைகளுக்கு உதவுவன. கிணற்றருகில் ஆட்டம் முடியுமளவும் முதிர்ந்தோர் ஒருவர் நிற்றல் இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

குறிப்புகள் ஆறு முதல் எட்டு வரை அமையலாம். மிகுந்தாற் சிறியோர் சோர்வர். வாசிக்கப் பழகாதவர்க்குப் படம் வரைந்து கொடுக்க. கச்சான் காற்று வீசுங் காலத்திற் சீட்டுகள் பறந்துபோகும். ஆதலாற் சிரட்டையின்கீழ் வைத்துக் கவிழ்த்தல் எளிய வழி. தேளோ பூரானோ அடியில் ஒதுங்காதிருக்க, ஆட்டம் தொடங்குதற்குச் சற்று முன்னரே வைத்தல் நலம். பரிசு பகிர்ந்துண்ணத் தக்கதாயிருக்கட்டும். ஒருவனே கொண்டுபோகும் பொருளாயின் மாலை அழுகையில் முடியும்.

முடிந்தபின் சிரட்டைகளை எண்ணி எடுத்தல் வேண்டும். எட்டு வைத்திருந்தால் எட்டும் கைக்கு வரல் வேண்டும். நிமிர்ந்து கிடக்கும் ஒன்றில் மழைநீர் தேங்கினும் டெங்கு நுளம்பு பெருக அதுவே போதும். இவ்வெண்ணிக்கையைக் குழுவில் ஆக இளையவரிடம் ஒப்படைப்பது எமது வழக்கம்.