டெங்கு: சிகிச்சையும் சிக்கல்களும்

வினா: காய்ச்சல் தணிந்த பின்பும் டெங்கு நோயாளியை வைத்தியசாலையில் அவதானிப்பது ஏன்?

விடை: டெங்கு வைரசை அழிக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. காய்ச்சல் தணியும் வேளையில் சிலருக்கு மயிர்க்குழாய்களிலிருந்து குருதித் திரவவிழையம் கசியும். இவ்வாபத்துக் கட்டம் 24–48 மணித்தியாலங்கள் நீடிக்கும்.

சிக்கல்கள்:
1. திரவம் குறைந்தால் குருதியமுக்கம் வீழ்ந்து, அதிர்ச்சி நிலையும் உறுப்புச் செயலிழப்பும் ஏற்படலாம்.
2. திரவம் மிகையாக ஏற்றப்பட்டால் அது சுவாசப்பையைச் சூழ்ந்து மூச்சுத்திணறல் உண்டாகலாம்.

எனவே நாடித்துடிப்பு, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு என்பன அடிக்கடி அளக்கப்படும். உரிய வேளையில் சிகிச்சை பெறும் கடும் டெங்கு நோயாளருள் இறப்பு 1 வீதத்திலும் குறையும்.

உதாரணம்: 2017 இல் இலங்கையில் 186,000 பேர்வரை பாதிக்கப்பட்டனர். யாழ். கரையோரத்தில் உவர்கலந்த நீரிலும் டெங்கு நுளம்புக் குடம்பிகள் வளர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே குருநகர் போன்ற இடங்களில் பாவனையற்ற படகுகளில் தேங்கும் நீரையும் அகற்றுக.

கவனிக்க: அஸ்பிரின், ஐபுபுரூபன் குருதிப்பெருக்கைக் கூட்டும், அவற்றைத் தவிர்க்க.