கடைக்காரருக்கு ஆங்கிலம்: ‘ரன் அவுட் ஆஃப்’

நாள்தோறும் நாம் கல்லாவில் உட்கார்ந்து சொல்லும் வார்த்தைகளில் ஒன்று ‘தீர்ந்துபோச்சு’. அதை ஆங்கிலத்தில் பிழையின்றிச் சொல்லும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

பள்ளங்கி, வில்பட்டி, அட்டுவம்பட்டி போன்ற மலையூர்களில் மளிகைக் கடை நடத்துவோருக்கு இது மிகவும் தேவை. கொடைக்கானலுக்கு வரும் வெளிமாநிலத்தவரிடம் நாம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருக்கிறது. வட்டக்கானலுக்கு இஸ்ரேல் நாட்டவர் நிறைய வருவதும் தெரிந்ததே. இவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. எனவே சுருக்கமாகவும் சரியாகவும் சொன்னால்தான் புரியும்.

‘மில்க் ஈஸ் ஓவர்’ என்று சொல்வது நம் வழக்கம். நம் நாட்டில் இது புரியும். வெளிநாட்டாருக்கோ ‘ஓவர்’ என்றால் சினிமா, கூட்டம், மழை போன்றவை முடிவதுதான் நினைவுக்கு வரும். சரக்கு தீர்ந்ததற்கு அவர்கள் சொல்வது ‘ரன் அவுட் ஆஃப்’.

வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க். (எங்களிடம் பால் தீர்ந்துவிட்டது.)

இங்கே ஒன்றைக் கவனிக்கவும். தமிழில் தீர்வது பால். ஆங்கிலத்தில் வாக்கியம் ‘வீ’ என்று நம்மிடமிருந்து தொடங்குகிறது. அப்படித் தொடங்கினால் ‘ஆஃப்’ கட்டாயம் வரவேண்டும். ‘வீ ஹேவ் ரன் அவுட் மில்க்’ என்பது பிழை. பாலை முதலில் வைத்தால் ‘ஆஃப்’ வேண்டாம்: ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்.’ இரண்டும் சரியே. கிரிக்கெட்டில் சொல்லும் ‘ரன் அவுட்’ வேறு. அதனுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காலத்திற்கு ஏற்ப மாறும் விதம்:

1. வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ரைஸ். (அரிசி தீரப்போகிறது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.)
2. வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ். (அரிசி தீர்ந்துவிட்டது. இப்போது இல்லை.)
3. வீ ரேன் அவுட் ஆஃப் ரைஸ் யெஸ்டர்டே. (நேற்றே அரிசி தீர்ந்துபோனது.)
4. வீ வில் ரன் அவுட் ஆஃப் ரைஸ் பை சன்டே. (ஞாயிற்றுக்கிழமைக்குள் அரிசி தீர்ந்துவிடும்.)

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வியாபாரத்தில் பணம் சம்பந்தப்பட்டது. கம்பெனிகளின் ஆர்டர் பிரிவுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பும்போது ‘ரன்னிங் அவுட்’ என்று எழுதினால், கையில் இன்னும் சரக்கு இருப்பதாகவே பொருள். அடுத்த லோடில் அனுப்பலாம் என்று அவர்கள் இருந்துவிடக்கூடும். உண்மையில் தீர்ந்திருந்தால் ‘வீ ஹேவ் ரன் அவுட்’ என்று எழுதி, ‘ப்ளீஸ் சென்ட் டுடே’ என்றும் சேர்க்கவும்.

அதேசமயம், மலையில் கடை வைத்திருப்பவர் முதல் வாக்கியத்தின் கட்டத்திலேயே ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது. பூண்டும் கேரட்டும் இங்கே விளைகின்றன. அரிசி, சீனி, எண்ணெய் எல்லாம் கீழேயிருந்து லாரியில் ஏறி வரவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலின்போது மரங்கள் சாய்ந்தும் மண் சரிந்தும் மலைப்பாதையில் போக்குவரத்து தடைப்பட்டது. அத்தகைய நாளில் முன்கூட்டியே சரக்கு ஏற்றிவைத்த கடைதான் ஊருக்குச் சோறு போடும்.

அடுத்து, வாடிக்கையாளரிடம் வெறும் ‘நோ’ என்று சொல்வதைத் தவிர்க்கவும். அந்தப் பொருளை நாம் விற்பதே இல்லையா, இன்றைக்கு மட்டும் இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த கடைக்குப் போனவர் பிறகு அங்கேயே வாங்கத் தொடங்கிவிடலாம். கீழ்க்கண்டவாறு பிரித்துச் சொல்லவும்.

விற்பனைக்கு வைக்காத பொருள்: ஸாரி, வீ டோன்ட் கீப் இட்.
இன்றைக்குத் தீர்ந்த பொருள்: ஸாரி, வீ ஹேவ் ரன் அவுட். இட் வில் கம் டுமாரோ மார்னிங்.

இரண்டாவதைக் கேட்டவர் மறுநாள் திரும்பி வர வழியுண்டு. ஆனால் நாளை வருவது உறுதியாக இருந்தால் மட்டுமே ‘டுமாரோ’ என்று சொல்லவும். சொன்னபடி வராவிட்டால் நம் வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

இன்னொரு பயன்பாடும் உண்டு. உரிமம், ஒப்பந்தம் ஆகியவற்றின் காலம் முடிவதையும் ‘ரன் அவுட்’ என்பர்.

அவர் ஃபுட் லைசென்ஸ் ரன்ஸ் அவுட் இன் மார்ச். (நமது உணவு உரிமம் மார்ச்சில் காலாவதியாகிறது.)

பயிற்சி

கீழ்க்கண்டவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கவும். விடையைப் பார்க்காமல் முயல்க.

அ. எங்களிடம் சீனி தீர்ந்துவிட்டது.
ஆ. முட்டை தீரப்போகிறது.
இ. நேற்று எங்களிடம் தீப்பெட்டி தீர்ந்துபோனது.
ஈ. சில்லறை தீர்ந்துவிட்டது.

விடைகள்

அ. வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்.
ஆ. வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் எக்ஸ்.
இ. வீ ரேன் அவுட் ஆஃப் மேட்ச் பாக்ஸஸ் யெஸ்டர்டே.
ஈ. வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சேஞ்ச்.

கடையில் வேலை பார்க்கும் தம்பிமாருக்கும் இந்த நான்கையும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் கொள்முதலுக்குப் போயிருக்கும் நேரத்தில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவர்கள் அவர்களே.