தலைமைப் பயிற்றுவிப்பு: பயன் எங்கிருந்து வருகிறது

ஒருவர் பதவியில் உயர உயர, அவருடைய குறையை அவரிடமே நேராக எடுத்துச்சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கீழே பணிபுரிவோர் சம்பள உயர்வையும் ஆண்டு மதிப்பீட்டையும் எண்ணி வாய் திறப்பதில்லை. சமநிலையில் உள்ளோர் அடுத்த பதவிக்குப் போட்டியாளர்களாகவும் இருப்பதால் ஒதுங்கிக்கொள்கின்றனர். மேலதிகாரியோ கிடைத்த விளைவைப் பார்க்கிறாரே அன்றி, அவ்விளைவு எவ்வாறு உண்டாயிற்று என்பதை அருகிருந்து காணும் வாய்ப்பு அவருக்கு அரிது. அலுவலகங்களில் கோச்சிங் என்று வழங்கும் தலைமைப் பயிற்றுவிப்பு இந்த இடைவெளியை நிரப்ப எழுந்த முறையாகும். பாடத்திட்டத்தோடு பலருக்கு ஒருசேர நடத்தப்படும் வகுப்பும் அன்று, மூத்தவர் தம் பட்டறிவை இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழிகாட்டலும் அன்று. பயிற்றுநர் ஒருவர் ஒரு தலைவரோடு சில மாதங்கள் தொடர்ந்து உரையாடி, அவர் அன்றாடம் எதிர்கொள்ளும் வேலையையே பொருளாக எடுத்துக்கொண்டு, கேள்விகளின் வழியே அவரைத் தாமே சிந்தித்து முடிவுசெய்ய வைப்பது இதன் இயல்பு.

இம்முறையின் வேர் விளையாட்டுக் களத்தில் இருக்கிறது. ஆட்டக்காரருக்கு ஓயாமல் கட்டளையிடுவதைவிட, பந்தை அவரே கூர்ந்து கவனிக்கும்படி செய்வது அவரை விரைவாகத் திருத்துகிறது என்பதைத் திமோதி கால்வே 1974இல் வெளிவந்த தம் டென்னிஸ் நூலில் விளக்கினார். அதே நோக்கைத் தொழில் உலகிற்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரான ஜான் விட்மோரின் 1992ஆம் ஆண்டு நூலின் வழியே, இலக்கு, இன்றைய நிலை, இருக்கும் வழிகள், செய்யப்போவது என்னும் நான்கு படிகளைக் கொண்ட உரையாடல் முறை பரவலாயிற்று. இவற்றுள் இரண்டாவது படிக்கே மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டும் என்பது நடைமுறை காட்டும் உண்மை. தலைவர்கள் பலரும் இலக்கிலிருந்து நேரே வழிக்குத் தாவ விரும்புவதால், இன்று உண்மையில் என்ன நடக்கிறது என்ற கேள்வியில் அவர்களை நிறுத்திவைப்பதே பயிற்றுநரின் கடினமான பணி.

அந்த ‘இன்றைய நிலை’யைத் தலைவரின் வாய்மொழியிலிருந்து மட்டும் அறிய முடியாது என்பதற்கு அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2011இல் எழுதிய கட்டுரை சிறந்த சான்று. எட்டாண்டுகள் அறுவை மருத்துவம் செய்த பின் தம் திறன் மேலும் வளராமல் நின்றுவிட்டதை உணர்ந்த அவர், தம் முன்னாள் ஆசிரியரும் ஓய்வுபெற்ற மருத்துவருமான ராபர்ட் ஆஸ்டீனை அறுவை அரங்கிற்கு அழைத்துத் தம்மைக் கவனிக்கச் செய்தார். நன்றாகவே முடிந்ததாக அவர் எண்ணிய அறுவையில், விளக்கின் ஒளி காயத்தைவிட்டு விலகியிருந்ததையும், முழங்கை தோளளவு உயர்ந்துபோனதையும் ஆஸ்டீன் குறித்துவைத்திருந்தார். அறியாமையால் நேர்ந்தவை அல்ல இவை. செய்துகொண்டிருப்பவரின் கண்ணுக்கு எட்டாதவை. கூட்டத்தில் பிறர் பேச்சை இடைமறிப்பதும், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தாமே விடை சொல்லிவிடுவதும் அலுவலகத் தலைவர்களிடம் இவ்வாறே தெரியாமல் படிந்துவிடுகின்றன. ஆகவே பயிற்றுநர் அறைக்குள் அமர்ந்து உரையாடுவதோடு நில்லாமல், ஒரு சில கூட்டங்களிலேனும் ஓரமாக அமர்ந்து பார்க்க வேண்டும்.

கூகுள் நிறுவனத்தின் வரலாறு இதை மேலும் தெளிவாக்குகிறது. 2001இல் அதன் தலைமை நிர்வாகியான எரிக் ஷ்மிட், முன்பே நோவெல் நிறுவனத்தை நடத்தியவர். பயிற்றுநர் ஒருவரை வைத்துக்கொள்ளுமாறு இயக்குநர் குழுவிலிருந்த ஜான் டோயர் சொன்னபோது, தமக்கு அது எதற்கு என்றே அவர் முதலில் தயங்கினார். பின்னாளில் தமக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை அதுவே என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். பயிற்றுநராக வந்த பில் கேம்ப்பெல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியளித்து, பின்னர் இன்டூயிட் நிறுவனத்தையும் நடத்தியவர். ஷ்மிட்டைத் தனியே சந்தித்ததோடு, அவருடைய வாராந்திரக் கூட்டங்களிலும் கேம்ப்பெல் அமர்ந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே கூகுள் நிறுவனம், மேலாளர்கள் உண்மையில் தேவைதானா என்ற ஐயத்தோடு தன் மதிப்பீட்டுப் பதிவுகளையும் பணியாளர் கருத்துகளையும் ஆராய்ந்து, நல்ல மேலாளரிடம் காணப்படும் எட்டு நடத்தைகளைப் பட்டியலிட்டது. 2011இல் வெளியில் அறியவந்த அப்பட்டியலில் முதலிடம் பெற்றது நல்ல பயிற்றுநராக இருத்தல். தொழில்நுட்பத் திறனோ எட்டாவதாக நின்றது. பொறியாளர்களே நிறைந்த நிறுவனத்தில் கிடைத்த முடிவு என்பதால் இதற்குத் தனி எடை உண்டு. பயிற்றுவிக்கப்பட்ட தலைவர், தாம் பெற்ற கேள்வி கேட்கும் பழக்கத்தைத் தம் குழுவினரிடமும் கைக்கொள்கிறார். ஒருவருக்குச் செய்த செலவின் பயன் பலருக்குப் பரவுவது இவ்வழியில்தான்.

வகுப்போடு ஒப்பிட்டால் தனிப் பயிற்றுவிப்பின் வலிமை எவ்வளவு என்பதை ஒலிவேரோ, பேன், கோப்பெல்மன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு காட்டுகிறது. அமெரிக்க அரசுத்துறை மேலாளர்கள் 31 பேரிடம் வகுப்புப் பயிற்சி மட்டும் 22.4 விழுக்காடு உற்பத்தித்திறன் உயர்வைத் தர, அதைத் தொடர்ந்து எட்டு வாரத் தனிப் பயிற்றுவிப்பும் சேர்ந்தபோது உயர்வு 88 விழுக்காடாயிற்று. சிறிய ஆய்வு என்பதால் இந்த எண்களை எல்லா இடத்திற்கும் பொருத்திவிடலாகாது. கற்றதை வேலையில் செய்துபார்த்துத் திரும்பிவந்து பேச ஓர் இடம் வேண்டும் என்ற அளவில் அதன் பாடம் உறுதியானது.

கருத்துச் சொல்வதெல்லாம் நன்மை தரும் என்றும் கருதிவிட முடியாது. குளூகரும் டினைசியும் 1996இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பின்னூட்டம் சராசரியில் திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட நேர்வுகளில் அதைத் தாழ்த்தியது தெரியவந்தது. கவனம் வேலையைவிட்டு ஆளின் தன்மதிப்பின்மேல் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எனவே “நீங்கள் பிறர் சொல்வதைக் கேட்பதில்லை” என்பதைவிட, “இன்றைய கூட்டத்தில் இருவர் பேசத் தொடங்கியபோது இடையில் புகுந்தீர்கள், அதன்பின் அவர்கள் பேசவே இல்லை” என்பது திருத்தும் சொல்லாகிறது.

நிறுவனங்கள் பெரும்பாலும் இடறுவது ஏற்பாட்டில்தான். பயிற்றுநரின் கட்டணத்தை நிறுவனம் தருவதால், உரையாடலில் பேசப்படுவது மேலிடத்திற்குப் போய்விடுமோ என்ற அச்சம் தலைவருக்கு இயல்பாகவே எழும். அவ்வச்சம் இருக்கும்வரை அவர் உண்மையைப் பேசமாட்டார். தலைவர், மேலதிகாரி, பயிற்றுநர் மூவரும் தொடக்கத்திலேயே ஒன்றாக அமர்ந்து, இலக்குகளை மட்டுமே நிறுவனம் அறியும், பேச்சு வெளியே போகாது என்று வரையறுத்துக்கொள்வது இதற்குத் தீர்வு. பதவி நீக்கத்திற்கு முந்தைய கடைசி எச்சரிக்கையாகத் தலைவரைப் பயிற்றுநரிடம் அனுப்பும் வழக்கமும் கைவிடப்பட வேண்டும். அவ்வாறு அனுப்பப்படுபவர் கற்க முனைவதில்லை, தம்மைக் காத்துக்கொள்ளவே முனைகிறார். ஆட்பற்றாக்குறையாலோ பொறுப்புகள் தெளிவாகப் பிரிக்கப்படாததாலோ குழு தடுமாறும்போதும் தலைவரைத் திருத்த முனைவது அவருக்குச் செய்யும் அநீதி.

ஒரு பயிற்றுவிப்பில் திருத்த எடுத்துக்கொள்ளும் நடத்தை ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும். அந்நடத்தை பற்றித் தொடக்கத்தில் குழுவினரிடம் பெயர் வெளியிடாமல் கேட்ட அதே கேள்விகளைச் சில மாதங்கள் கழித்து அவர்களிடமே மீண்டும் கேட்டு, தலைவரின் மனநிறைவைக் கணக்கில் கொள்ளாமல் குழுவின் விடையைக் கொண்டே, பயிற்றுவிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது முறையாகும்.