தள்ளுதற்சீட்டு
வேத பாடம்: உபாகமம் 24:1-4, மத்தேயு 19:3-9, 1 கொரிந்தியர் 7:10-15



விவாகரத்து என்கிற வார்த்தையைப் பிரசங்க பீடத்தில் சொல்லவே நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் சகோதரிகள் கூடுகை முடிந்து பாய் சுருட்டுகிற நேரத்தில், "அக்கா, ஒரு நிமிஷம்" என்று என்னைத் தனியே அழைத்து அழுகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். ஆகையால் இந்த மாதம் இதையே தியானிப்போம்.

மோசே எழுதினதைக் கவனியுங்கள். மனைவியைத் தள்ளுகிறவன் வாயால் "போ" என்று சொன்னால் போதாது. சீட்டு எழுதி, அதை அவள் கையிலே கொடுக்க வேண்டும். ஏன் கையில்? சீட்டு இல்லாமல் அவள் வேறொருவனுக்கு மனைவியானால் விபசாரி என்னப்படுவாள். அந்தச் சீட்டே அவளுக்குப் பாதுகாப்பு. பிரிவது ஆதிமுதலான தேவசித்தம் அல்ல; இருதயகடினத்தினாலே வந்தது என்று இயேசு சொன்னார். இருதயகடினம் இன்னும் ஒழிந்துபோகவில்லையே! அந்நியபாஷை பேசுகிற வீட்டிலும் அது உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்கு வீட்டில் அடி, உதை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போதகரும் உட்கார்ந்து பேசி, பத்திரத்தாளில் "இனி சம்பந்தமில்லை" என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் முடிஞ்சுபோச்சு என்று அவள் நம்பினாள். சில வருஷம் கழித்து ஒரு நல்ல வரன் வந்தது. அந்தத் தாளைக் கொண்டுவந்து, "இது போதும்தானே அக்கா?" என்று கேட்டாள். போதாது. சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் அவனுடைய மனைவிதான். சபைத் தீர்ப்பாயம் ஒரு விவாகத்தைச் செல்லாது என்று சொன்னாலும் கோர்ட் தீர்ப்புக்கு அது ஈடாகாது என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, நாலு பேர் எழுதின தாள் எந்த மூலைக்கு?

நமக்கான சட்டம் 1869-ல் வந்தது. அதில் புருஷன் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ பெரும்பாலும் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். எத்தனை பேர் இதிலே நொறுங்கிப்போனார்கள்! 2001-ல் திருத்தினார்கள். இப்போது கொடுமை ஒன்றே போதுமான காரணம்; அதற்கு இரண்டு வருஷம் பிரிந்திருக்க வேண்டியதும் இல்லை. இருவரும் சம்மதித்துப் பிரிவதற்குத்தான், 10-ஏ பிரிவின்படி, இரண்டு வருஷம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. கேரள ஐகோர்ட் இதைக் குறைத்துத் தீர்ப்புகள் தந்தது. நம்ம ஊரில் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயத்தப்படுவது அவிசுவாசம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிரிந்துபோகிற மனைவியைப் பற்றிப் பவுலே எழுதுகிறாரே! அவள் விவாகமில்லாமல் இருக்கட்டும், அல்லது ஒப்புரவாகட்டும் என்கிறார். அடிபட்டுச் சாகச் சொல்லவில்லை. ஒப்புரவாக ஜெபியுங்கள், உபவாசமும் இருங்கள். கூடவே விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை ரசீது, பாங்க் பாஸ்புக், அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து அம்மா வீட்டில் வையுங்கள். வெறுந்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

போதகர்மாருக்கும் ஒரு வார்த்தை. 1872 சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் நம் சபைகளில் கலியாணம் நடத்துகிறவர்கள் உண்டு. கலியாணத்துக்கே ருசு இல்லையென்றால், அந்தப் பிள்ளை கோர்ட்டில் எதைக் காட்டுவாள்?

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று கலங்குகிற சகோதரிகளே, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட்டில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எது என்று கேளுங்கள். தனியாய்ப் போகப் பயமாயிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.