தவளையின் தலைப்பிரட்டையும் தேரையின் தலைப்பிரட்டையும்



மழை பெய்து ஓய்ந்த சில நாள்களில் நம் பள்ளித் தோட்டத்துக் குளத்தை உற்று நோக்கினால், சிறிய கரிய உயிர்கள் கூட்டங்கூட்டமாக வாலை ஆட்டி நீந்துவதைக் காணலாம். மீன்குஞ்சுகள் என எண்ணிவிடாதீர்கள். அவை தலைப்பிரட்டைகள்.

"ஐயா, இவை தவளைக் குஞ்சுகளா, தேரைக் குஞ்சுகளா?" என்று நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னை வினவினான். அவன் ஒரு நூலிலே படம் பார்த்திருந்தான். முட்டைகள் கூழ்க்கட்டியாகத் திரண்டு கிடந்தால் தவளை, சரமாக நீண்டிருந்தால் தேரை என்பது அந்நூல் கூறும் விதி. அது ஐரோப்பாவின் குளங்களைக் கண்டு எழுதிய விதி. நம் சிங்கப்பூரில் அது பாதிதான் பொருந்தும்.

பொருந்தும் பாதி தேரையைப் பற்றியது. வடிகாலோரத்திலும் தெருவிளக்கின் அடியிலும் பூச்சிக்காகக் காத்திருக்கும் சொரசொரப்பான தோலுடைய தேரையை நீங்கள் அறிவீர்கள். அது மனிதர் வாழும் இடங்களையே நாடும். அடர்ந்த காட்டினுள் அதனைக் காண்பது அரிது. (தேங்காயில் பருப்பு இல்லையெனில் தேரை மேல் பழி போடுவது நம் முன்னோர் வழக்கம். தென்னை ஏறத் தெரியாத அப்பிராணி என் செய்யும்!) கருமணிகளை நூலில் கோத்தாற்போன்ற நீண்ட முட்டைச் சரங்களை அது நீரில் இடுகிறது. அதன் தலைப்பிரட்டைகள் சிறியவை, முழுதும் கரியவை, திரளாகவே திரிபவை. உடலில் நஞ்சு கலந்திருப்பதால் மீன்கள் பல அவற்றை விரும்புவதில்லை. தொட்டால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பொருந்தாத பாதிக்கு நம் மரத்தவளையே சான்று. பெரும்பாலும் முதுகில் நான்கு கோடுகளுடன் காணப்படும் இது, நீருக்குள் முட்டையிடுவதே இல்லை. நீருக்கு மேல் தாழ்ந்து தொங்கும் இலையிலோ தொட்டிச் சுவரிலோ, பின்கால்களால் கடைந்து நுரைக்கூடு கட்டி, அதனுள் இடுகிறது. சவர்க்கார நுரை என்று நினைத்து அதனைக் கழுவி விட்டவர்களும் உண்டு! சில நாள்களில் குஞ்சுகள் நுரையிலிருந்து நழுவி நீரில் விழுகின்றன. அவை தேரைக் குஞ்சுகளினும் பெரியனவாக வளரும், நிறம் பழுப்பு. மேலிருந்து பார்த்தால் மூக்கின் நுனியில் ஒரு வெண்புள்ளி தெரியும். மிகச் சிறு பருவத்தில் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ஆதலால் முட்டை கிடந்த இடத்தையும் தேடுங்கள்.

வினவிய மாணவன் ஆறு தலைப்பிரட்டைகளைப் போத்தலில் இட்டுத் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டு சென்றுவிட்டான். "கொசுப்புழுவை எல்லாம் இவை தின்றுவிடும், ஐயா" என்பது அவன் கூற்று. அன்று எனக்குச் சற்றுக் கோபமே வந்தது. தலைப்பிரட்டைகள் பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்பவை. கொசுவைத் தடுக்க அவற்றை நம்ப இயலாது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கோ, போத்தல் நீரும் ஏறத்தாழ ஒரு வாரமும் போதும். நம் நாட்டில் 1968 முதலே இதற்குச் சட்டம் உண்டு. 1998இல் இயற்றப்பட்ட சட்டம் இன்று நடப்பில் இருக்கிறது. வீட்டில் கொசு வளர்ந்தால் வீட்டுக்காரர் தண்டம் கட்ட நேரும்.

மறுநாளே அவன் ஆறையும் குளத்தில் விட்டான். சில வாரங்கள் சென்றபின் ஒரு காலையில் என் கையைப் பற்றிக் குளத்தருகே அழைத்துச் சென்றான். கல்லின்மேல், விரல்நகத்தளவே உள்ள கரிய தேரைக்குஞ்சு ஒன்று அமர்ந்திருந்தது. அதன் வால் இன்னும் முழுதும் மறையவில்லை.